கோட்டுக்குள் பெய்த மழை

ஜனவரி மாதத்தின் ஒரு காலைப்பொழுது. மணி 6.30. தெம்பனிஸ் வட்டாரத்தில், அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நின்ற உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். நேற்றிரவு தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. ஆனாலும் அவனுக்குக் கவலை இல்லை. பல மாதங்களாகச் சேர்த்த பணத்தில் வாங்கிய புதிய மழை அங்கி கையில் இருந்தது. ஒரு சொட்டு நீரும் உள்ளே புகாது என்று அதன் அட்டையில் எழுதியிருந்தது. அதை அணிந்து, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு, நான்கு கிலோமீட்டர் தூரத்தில் இருந்த பள்ளிக்கு மிதிவண்டியை மிதித்தான்.

பள்ளியை அடைந்து அங்கியைக் கழற்றியபோது அவனுடைய சீருடைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அன்று முதல் பாடவேளையில் குளிர்சாதன அறையில் அறிவியல் தேர்வு. ஈரச் சட்டையோடு நடுங்கிக்கொண்டே எழுதினான். கடைசிக் கேள்வியை முடிக்க முடியவில்லை. மாலையில் சட்டையைத் தொட்டுப் பார்த்த அம்மா, “புதுக் கோட்டுப் போட்டுக்கிட்டுத்தானே போனே, அப்புறம் எப்படிடா நனைஞ்சே?” என்று கேட்டார். “மழையில நனையலைம்மா. கோட்டுக்குள்ள நனைஞ்சேன்” என்றான் அவன்.

அவன் சொன்னது உண்மைதான். அங்கி அட்டையில் சொன்னபடியே மழையை வெளியே நிறுத்தியது. வியர்வையையும் வெளியே விடாமல் நிறுத்திவிட்டது.

இது புதிய சிக்கல் அன்று. 1823ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் மேக்கிண்டோஷ், நாஃப்தா எனும் எண்ணெயில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, நீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் துணியால் தைத்த அங்கிகளை அணிந்தவர்கள் மழைக்குத் தப்பினார்கள். ஆனால் உள்ளே வியர்த்துக் கொட்டியது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாப் கோர் வேறொரு வழியைக் கண்டார். சமையல் வாணலியில் உணவு ஒட்டாமல் இருக்கப் பூசும் டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கி, அவர் வேகமாக இழுத்தார். அது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த மெல்லிய படலமாக நீண்டது. மழைத்துளி அத்துளைகளில் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. வியர்வை ஆவியோ எளிதில் நுழைந்துவிடும். கோர்டெக்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் துணி இப்படிப் பிறந்ததுதான்.

அப்படியானால் விலை உயர்ந்த ‘சுவாசிக்கும்’ அங்கியை வாங்கினால் போதுமே என்று தோன்றலாம். இங்கேதான் அட்டையில் இருக்கும் எண்களைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பல அங்கிகளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, 10,000 மி.மீ. என்பது போன்றது. துணியின்மேல் நீரை நிரப்பிக்கொண்டே போனால் எவ்வளவு உயரம்வரை அது கசியாமல் தாங்கும் என்பதை அந்த எண் காட்டுகிறது. 10,000 மி.மீ. என்றால் பத்து மீட்டர். ஏறக்குறைய மூன்று மாடி உயர நீர்த்தூண்! பள்ளிக்குப் போகும் பாதையில் பெய்யும் மழைக்கு அது தாராளம்.

இரண்டாவது எண் கிராமில் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவியை வெளியே விடும் என்பதே அது. 10,000 கிராம் என்பது பெரிய எண்ணாகத்தான் தெரிகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 400 கிராம்தான். வெப்பத்தில் வேகமாக மிதிப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வைகூடச் சுரக்கும். அதோடு, நீராவி சும்மா வெளியே போவதில்லை. உள்ளே ஈரப்பதம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அது துணியைக் கடந்து செல்லும். குளிர்ந்த, வறண்ட காற்று வீசும் நாடுகளில் இந்த வேறுபாடு மிகுதி. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 82 விழுக்காடு. விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். வெளியேயும் ஈரம், உள்ளேயும் ஈரம். ஆவி எங்கே போகும்? ஐரோப்பாவின் குளிர்மழைக்காகத் தயாரித்த அங்கி இங்கே பாதித் திறனோடு வேலை செய்தாலே பெரிது.

ஆகவே, ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்யும் இந்தத் தீவில், துணியைவிடக் காற்றோட்டமே முக்கியம். அக்குளுக்கடியில் ஜிப் வைத்துத் திறக்கக்கூடிய அங்கி, முதுகில் மடிப்பின் கீழே காற்று நுழைய இடம்விட்டுத் தைத்த அங்கி ஆகியவை நல்லவை. பின்பகுதி சற்று நீளமாகவும் இருக்க வேண்டும்; குனிந்து ஓட்டும்போது இடுப்பு நனையாது. இவற்றைவிட மலிவானது போன்சோ. அதன் முன்பகுதியைக் கைப்பிடியின்மேல் விரித்தால் ஒரு சிறு கூடாரம் போல ஆகிவிடும். கீழே முழுவதும் திறந்திருப்பதால் காற்று தாராளமாக வரும். தொடைகளும் ஓரளவு நனையாமல் இருக்கும்.

ஆனால் போன்சோவை நம்பி எல்லா நாளும் கிளம்பிவிட முடியாது. பலத்த காற்றில் அது பாய்மரமாக மாறி வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். சில நாள்களில் விடியும் முன்பே மேற்கிலிருந்து பாய்ந்து வரும் சுமத்ரா காற்று அப்படிப்பட்டது. போன்சோவின் ஓரம் சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால் விழுவது உறுதி. கைகள் உள்ளே மறைந்திருப்பதால், திரும்பப் போவதைக் கைகாட்டிச் சொல்வதும் கடினம். இடுப்பில் கட்டிக்கொள்ளும் வார் இல்லாத போன்சோ, நடப்பவர்களுக்கே ஏற்றது.

தொப்பியைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. அங்கியோடு தைத்த பெரிய தொப்பி, தலையைத் திருப்பும்போது கூடவே திரும்பாது. பின்னால் வரும் வாகனத்தைப் பார்க்கத் திரும்பியவரின் கண்ணுக்குத் துணிதான் தெரியும். தலைக்கவசத்தின் கீழ் முன்விளிம்பு உள்ள மெல்லிய தொப்பியை அணிந்தால் நெற்றியில் வழியும் நீர் கண்ணில் விழாது, பார்வையும் மறையாது. தலைமுடி நனையுமே என்றால், நனையட்டும். துண்டால் துடைத்தால் போயிற்று.

நிறத்தை அழகுக்காகத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். கருநீலமும் கறுப்பும் அழுக்குக் காட்டாது என்பது உண்மைதான். மழையில் வாகன ஓட்டுநருக்கு ஆளையும் காட்டாது. பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் மங்கலான பகல் வெளிச்சத்தில் தொலைவிலேயே தெரியும். இருட்டிவிட்டால் அந்த நிறங்களும் உதவா. அப்போது வாகன விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளிப்பட்டைகளும், வண்டியின் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும்.

அங்கிக்கு வெளியேயும் கவனிக்க வேண்டியவை உண்டு. சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுநீர் மழைநீரைவிட மோசமானது. முழு நீள மட்கார்ட் இரண்டைப் பொருத்தினால் அதில் பெரும்பகுதி நின்றுவிடும். பைக்கு மழையுறை போட்டாலும், முதுகோடு ஒட்டிய பக்கத்தின் வழியாக நீர் இறங்கும்; எனவே புத்தகங்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பைக்குள் வைப்பதே பாதுகாப்பு. காலணியைப் பொறுத்தவரை, செருப்பு வகையில் குதிகாலைப் பிடிக்கும் வார் உள்ளதை அணிந்து ஓட்டிவிட்டு, பள்ளியில் காய்ந்த காலுறையையும் காலணியையும் மாற்றிக்கொள்ளலாம்.

தேர்வன்று நடுங்கிய மாணவன் அடுத்த வாரமே தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டான். பழைய டி-சட்டையை அணிந்து, அங்கியின் ஜிப்பைப் பாதி திறந்துவிட்டு, மெதுவாக மிதித்தான். சீருடை பைக்குள் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. டி-சட்டை நனைந்தது. பள்ளிக் கழிவறையில் உடம்பைத் துடைத்து, காய்ந்த சீருடையை அணிந்துகொண்டபோது மணியடிக்க இன்னும் பத்து நிமிடம் மீதி இருந்தது.

ஒரு நாள் மட்டும் அவன் தாமதமாகச் சென்றான். பாதி வழியில் இடி முழங்கியது. மின்னலுக்கு எந்த அங்கியும் தடையாகாது. திறந்த வெளியில் மிதிவண்டி ஓட்டுவது ஆபத்து. அவன் பூங்கா இணைப்புப் பாதையிலிருந்து விலகி, அருகிலிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒதுங்கினான். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். கைப்பேசியை எடுத்து அம்மாவை அழைத்தான். “இடி இடிக்குதும்மா. நான் புளோக்குக்குக் கீழே நிக்கறேன். டீச்சர்கிட்ட சொல்லிடுங்க.”

“சரிப்பா, அங்கேயே நில்லு. நான் சொல்லிடறேன்” என்றார் அம்மா.