பி.ஏ. அரசியல் அறிவியல்: சேரும்போதே முடிப்பதை யோசியுங்கள்

பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரம் அக்கா மகள் வீட்டுக்கு வந்தாள். மதிப்பெண் பட்டியல் நகலின் பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று பெயர்கள் எழுதியிருந்தாள்: மாநிலக் கல்லூரி, டெல்லிப் பல்கலைக்கழகம், இக்னோ. "மாமா, மூணுமே பொலிட்டிக்கல் சயின்ஸ்தானே, எதுல சேரட்டும்?"

பாடம் ஒன்றுதான். ஆனால் பட்டத்தோடு வெளியே வர ஒவ்வொரு இடமும் கேட்கும் கணக்கு வேறு. விண்ணப்பம் போடும் முன்பே அந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர், மொத்தம் 140 கிரெடிட். 1840-இல் தொடங்கிய மாநிலக் கல்லூரியும் தாம்பரம் கிறித்துவக் கல்லூரியும் தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டமும் தேர்வும் அவர்கள் பொறுப்பு, பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். பகுதி ஒன்றில் தமிழ், இரண்டில் ஆங்கிலம், மூன்றில் அரசியல் அறிவியலும் துணைப்பாடங்களும், நான்கில் சுற்றுச்சூழல் கல்வி போன்றவை, ஐந்தில் நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற வெளிப்பணிகள். பல்கலைக்கழகக் கணக்கில் அகமதிப்பீடு 25, எழுத்துத் தேர்வு 75, தேர்ச்சிக்கு 40. வருகைப்பதிவு 75 விழுக்காடு இருக்க வேண்டும்.

பிள்ளைகள் மூன்றாம் பகுதியை மட்டும் பட்டமாக நினைத்துவிடுகிறார்கள். நான் படித்தபோது அரசியல் கோட்பாட்டில் வகுப்பிலேயே முதலாக வந்த நண்பனுக்கு மூன்று ஆண்டு முடிந்தும் பட்டம் கைக்கு வரவில்லை. பிளேட்டோ, ஹாப்ஸ் எல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவன் மதிப்பெண் பட்டியலை விரித்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. 68, 71, 74 என்று வரிசையாக வந்த எண்களுக்கு நடுவே இரண்டாம் செமஸ்டர் ஆங்கிலத்துக்கு 34, எதிரே 'ஆர்.ஏ.' என்ற இரண்டெழுத்து. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்ட அரியர். அந்த வருடம் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு அவனால் விண்ணப்பிக்கவே முடியவில்லை. யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வை இறுதியாண்டில் இருக்கும்போதே எழுதலாம். தேர்ச்சிச் சான்றை முதன்மைத் தேர்வுக்கு முன் காட்டினால் போதும். ஆனால் டி.என்.பி.எஸ்.சி.யின் பட்டநிலைத் தேர்வுகளுக்கு அறிவிக்கை வெளியான நாளில் பட்டம் முடித்திருக்க வேண்டும்.

டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாகத்தான் சேர்க்கை. செமஸ்டருக்கு 22 கிரெடிட், மூன்று ஆண்டில் 132, நான்காம் ஆண்டையும் முடித்தால் 176. முதல் ஆறு செமஸ்டரிலும் தலா மூன்று முதன்மைப் பாடங்கள் இருப்பதால் அரசியல் அறிவியலை ஆழமாகப் படிக்க இது நல்ல இடம். ஓராண்டில் நிறுத்தினால் சான்றிதழ், ஈராண்டில் நிறுத்தினால் டிப்ளமா தருவார்கள். அவற்றை நம்பி இறங்காதீர்கள். பட்டம் கேட்கும் எந்த வேலைக்கும் அவை செல்லாது.

நான்காம் ஆண்டு யாருக்குத் தேவை? ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி, நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு எடுத்தவர் முதுகலை படிக்காமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். எம்.ஏ. மட்டும் போதும் என்பவருக்கு இதில் லாபமில்லை. அங்கே நான்காண்டுப் பட்டமும் ஓராண்டு எம்.ஏ.வும் சேர்ந்து ஐந்து, இங்கே மூன்றாண்டுப் பட்டமும் ஈராண்டு எம்.ஏ.வும் சேர்ந்து ஐந்து.

இக்னோ தொலைநிலையில் படிக்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அங்கே மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்பது அவர்கள் கணக்கு. பெருக்கிப் பாருங்கள், 3,600 மணி நேரம். மூன்று ஆண்டில் முடிக்க வாரம் 23 மணி நேரம் உட்கார வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு அது மலை. காலத்தை நீட்டிக்கொள்ள இடம் உண்டு என்பதுதான் ஆறுதல். ஒப்படைப்புக்கு 30 விழுக்காடு, ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும் பருவத்தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். ஒன்றின் மதிப்பெண் மற்றதைத் தூக்கிவிடாது. ஒப்படைப்பைக் கையால் எழுதி, கெடுவுக்குள் கொடுத்து, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். தேர்வை நன்றாக எழுதிவிட்டு ஒரு கட்டுக் காகிதத்துக்காகக் காத்துக் கிடப்பவர்கள் உண்டு. தமிழில் படிக்க வேண்டும் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். தொலைநிலையில் எங்கே சேர்ந்தாலும் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை கலையக் கூடாது. பிளஸ் டூ இல்லாமல் நேரே வாங்கிய பட்டத்தைத் தமிழ்நாடு அரசு வேலைக்கு ஏற்பதில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "நீ என்னவாகப் போறே?" என்று கேட்டேன். "குரூப் ஒன் எழுதி டெபுடி கலெக்டர்" என்றாள், யோசிக்காமல். ஒன்றாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. ஆனால் பள்ளியோடு நின்றால் போதாது, பட்டப்படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். ஆங்கில வழியில் சேர்ந்த அன்றே அந்த உரிமை கைவிட்டுப் போகும். கல்லூரியின் பெயரைப் பார்த்துச் சேர்கிற அவசரத்தில் பலர் இதைக் கேட்பதே இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் இங்கே கல்லூரிக்குப் போய்ப் படித்தால்தான், அஞ்சல் வழியில் படித்தால் கிடையாது.

தாளைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். டெல்லியை உடனே அடிக்கவில்லை, சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதல் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதினாள்: 'தமிழ் மீடியம் இருக்கா? நாளைக்கு நேரில் போய்க் கேட்கணும்.'