சாக்குக்குள் கை விட்டுப் பார்ப்பார்கள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகு மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி கிரெடிட் சேர்க்கலாமா என்று தெருப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதலில் கணக்கைப் புரிந்துகொள். கேரளத்தில் 2024 ஜூலையில் நாலு வருஷப் பட்டப்படிப்பு வந்தது. மூன்று வருஷத்தோடு நிறுத்தினால் 133 கிரெடிட் வேண்டும். நாலாவது வருஷமும் படித்து ஆனர்ஸ் வாங்க 177.

2. சின்னதாகத் தொடங்கு. ஸ்வயம், என்பிடெல் என்ற இணையதளங்களின் பாடங்களில் சேரக் கட்டணமில்லை. தேர்வுக்கு மட்டும் கட்டணம். 4 வாரப் பாடத்துக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3. முதல் தடவை 4 வாரமே போதும்.

3. வாரப் பயிற்சியைத் தள்ளிப்போடாதே. என்பிடெல்லில் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். 25-க்கு 10, 75-க்கு 30 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். “பரீட்சையில் பார்த்துக்கலாம் தாத்தா” என்றான் என் பேரன். பரீட்சை நன்றாகத்தான் எழுதினான், பயிற்சியில் 7. சான்றிதழ் வரவில்லை.

4. சென்னை ஐஐடியின் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புக்கு, பதினொன்றாம் வகுப்பு இறுதித் தேர்வு எழுதியதுமே தகுதிச் சுற்றில் இறங்கலாம். நாலு வாரப் பாடம், பிறகு தேர்வு. தேறினாலும் சேர்வது பன்னிரண்டை முடித்த பிறகுதான்.

5. சேர்த்ததெல்லாம் செல்லும் என்று நம்பிவிடாதே. கிரெடிட்டைப் போட்டுவைக்க 2021-இல் யுஜிசி ஒரு வங்கியே தொடங்கியது. ஆனால் எதை ஏற்பது என்பது சேரும் இடத்தின் முடிவு. அமெரிக்காவிலும் இதே கதைதான்: பள்ளியில் எழுதும் ஏ.பி. தேர்வில் 3 வாங்கினால் ஒரு கல்லூரி கிரெடிட் தரும், இன்னொன்று 5 கேட்கும். கேட்டுத் தெரிந்துகொண்டு சேர்.

6. பிளஸ் டூ மார்க்கை இதற்குப் பலி கொடுக்காதே. வாசலே அதுதான்.

7. மிளகை லிட்டர் எடை, அதாவது ஒரு லிட்டர் மிளகு என்ன எடை நிற்கிறது என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மிளகும் படியை நிரப்பும். தராசில் வைத்தால் நிற்காது. விவரம் தெரிந்த வியாபாரி மேலே கிடப்பதை நம்பாமல் சாக்கின் அடிவரை கை விட்டு அள்ளுவான். கல்லூரியில் முதல் செமஸ்டரும் அப்படித்தான் அள்ளிப் பார்க்கும். பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, உன் தங்கைக்கு அதைச் சொல்லிக் கொடுத்துப் பார். அவளுக்குப் புரிந்தால் சரக்கு உள்ளே இருக்கிறது. கிரெடிட் கிடைக்காமல் போனாலும் அது வீணாகாது.