அடிபட்ட பறவைக்கும் ஒரு சங்கம்



கவாத்து மலையில் சிறகு ஒடிந்த குருவி ஒன்று கிடக்கிறது. அல்லது பூனை கவ்வி வந்ததைப் பிள்ளைகள் பறித்து இஸ்தோப்பில் வைத்திருக்கிறார்கள். "பாவம், கொஞ்சம் சோறும் தண்ணியும் குடுங்க" என்கிறார் பாட்டி. எல்லாரும் சுற்றி நின்று பார்க்கிறோம். மறுநாள் காலையில் அது செத்துக் கிடக்கிறது. நம்மிடம் இரக்கத்துக்குக் குறைவில்லை. முறைதான் தெரியவில்லை. இரக்கத்தோடு முறையும் சேர்ந்தால் என்ன செய்யலாம் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

டில்லியில் இரண்டு சகோதரர்கள்

நதீம் ஷெஹ்சாத், முகம்மது சவூத் இருவரும் இந்தியாவின் டில்லி நகரில் வாழும் சகோதரர்கள். வைத்தியம் படித்தவர்கள் அல்ல. கை கழுவும் சவர்க்காரத் திரவத்தை ஊற்றி வைக்கும் கருவிகளைச் செய்து விற்பது அவர்களுடைய குடும்பத் தொழில்.

டில்லி வானத்தில் கள்ளப்பருந்துகள் ஏராளம். குப்பை மேட்டில் இரை தேடி, நகரத்தின் கழிவைத் தின்று தீர்க்கும் பறவை அது. அங்கே பட்டம் விடும் நூலில் கண்ணாடித்தூள் பூசுவார்கள். அதற்கு மாஞ்சா என்று பெயர். ஆகஸ்ட் 15, இந்தியாவின் சுதந்திர தினத்தை ஒட்டி வானமெல்லாம் பட்டமாக இருக்கும். அந்த நூல் பருந்தின் சிறகைக் கத்தி போல அறுத்துவிடும். 2017இல் நைலோன் மாஞ்சாவுக்குத் தடை வந்தது. ஆனாலும் அறுபடும் பறவைகள் இல்லாமல் போகவில்லை.

இளவயதில் சகோதரர்கள் அடிபட்ட பருந்து ஒன்றைப் பறவை வைத்தியசாலைக்குத் தூக்கிக் கொண்டு போனார்கள். இறைச்சி தின்னும் பறவை என்று அங்கே ஏற்கவில்லை. சில வருடங்கள் கழித்து, 2003 அளவில், இன்னொரு பருந்தை வீட்டிலேயே வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். உடற்பயிற்சியில் ஆர்வம் இருந்ததால் தசை, தசைநார் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தது. அதுதான் முதல் மூலதனம். 2010இல் 'வைல்ட்லைஃப் ரெஸ்கியூ' என்ற பெயரில் அதை ஒரு தர்ம நிறுவனமாக்கினார்கள். அவர்கள் கை பட்ட பறவைகள் 20,000க்கு மேல். இவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த 'ஆல் தட் பிரீத்ஸ்' என்ற ஆவணப்படம் 2022இல் வெளிவந்து, 2023இல் ஒஸ்கார் விருதுக்கும் முன்மொழியப்பட்டது.

படத்தைப் பார்த்தால் அந்த வேலையின் பாரம் விளங்கும். வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் தொழில், இன்னொரு பக்கம் பெட்டி பெட்டியாக அடிபட்ட பறவைகள். நாள்தோறும் இறைச்சி அரைக்க வேண்டும், கூடு கழுவ வேண்டும். காசுத் தட்டுப்பாடு, வீட்டில் மனஸ்தாபம். வெளிநாட்டு நன்கொடை வாங்க அரசாங்க அனுமதி கேட்ட விண்ணப்பம் முதலில் மறுக்கப்படுகிறது. அதற்காக வேலையை நிறுத்தி வைக்க முடியுமா? பருந்துக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாதே.

சிறு சங்கம் எதில் நிற்கிறது?

நம்ம தோட்டங்களில் மரணாதாரச் சங்கம் நடத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பறவைச் சங்கத்துக்கும் அதே ஒழுங்குதான் வேண்டும்.

1. ஆள் முறை. இன்றைக்கு யார், நாளைக்கு யார் என்று பெயர் போட்டு வைக்க வேண்டும். "எல்லாரும் பாத்துக்குவோம்" என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

2. காசுக் கணக்கு. பத்து ரூபாய் வந்தாலும் கொப்பியில் எழுத வேண்டும். கணக்கைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். கணக்கில் சந்தேகம் வந்த சங்கம் நிலைக்காது.

3. பறவைப் பதிவேடு. எந்த நாள், எந்த மலை, என்ன காயம், யாரிடம் கொடுத்தோம், பிழைத்ததா, செத்ததா என்று எழுதி வையுங்கள். செத்ததையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிபட்டால் காரணம் பதிவில் தெரிந்துவிடும். கவணா, பூனையா, வேலியா என்று பார்த்து அதைத் திருத்தலாம். வைத்தியத்தைவிட அதுவே பெரிய உதவி.

4. எல்லை. நம்மால் எது முடியும், எது முடியாது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

நம்ம எல்லை எது?

இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பெரும்பாலான காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் கூட்டில் வைத்து வளர்ப்பதும் அதன்படி குற்றம். ஆகவே நமது சங்கத்தின் வேலை முதலுதவியும் ஒப்படைப்பும்தான். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1992. அரசாங்க மிருக வைத்தியரிடமும் ஆலோசனை கேட்கலாம். தொடங்குவதற்குக் கட்டடம் வேண்டாம். ஒரு காட்போட் பெட்டி, ஒரு கொப்பி, ஒரு தொலைபேசி போதும்.

முதலுதவி செய்யும் முறை

பெட்டியில் காற்றுத் துளை போட்டு, அடியில் பழைய துணி விரியுங்கள். பறவையின் மேல் மெல்லிய துணியைப் போட்டு, சிறகை உடலோடு சேர்த்து மெதுவாக எடுத்து உள்ளே வைத்து மூடுங்கள். இருட்டும் இளஞ்சூடும் அமைதியும்தான் முதல் மருந்து. நாம் எட்டி எட்டிப் பார்ப்பது அதற்குப் பெரிய பயம்.

வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பறவையின் மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். சோறும் பாலும் வேண்டாம்.

நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டக் கூடாது. மூச்சுக்கு உதவ நமக்கு உதரவிதானம் இருக்கிறது. பறவைக்கு அது இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. கட்டுப் போட்டால் நம் கையாலேயே மூச்சை நிறுத்தியவர்களாவோம்.

தாமதிக்கக் கூடாது. சின்னப் பறவையின் எலும்பு இரண்டு மூன்று வாரத்தில் கூடி இறுகிவிடும். கோணலாக இறுகினால் பிறகு பறக்காது. பூனை கடித்ததென்றால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். பூனைப் பல்லில் உள்ள கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும்.

பருந்து, ஆந்தை என்றால் நகத்தைக் கவனியுங்கள். சொண்டைவிட நகம் ஆபத்து. தடித்த படங்கு ஒன்றைப் போட்டு மூடிவிட்டு, தெரிந்தவர் வரும்வரை பிள்ளைகளை விலக்கி வையுங்கள்.

பறவையைத் தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பல பறவைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் தொடவே வேண்டாம், உடனே அறிவியுங்கள்.

இறகு முளைத்து, தரையில் தத்தித் தத்தித் திரியும் குஞ்சு அநேகமாக அடிபட்டதல்ல. பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்திலேயே இருக்கும். பூனை எட்டாத செடியில் வைத்துவிட்டு விலகுங்கள். "மனுசக் கை பட்டால் தாய் சேர்க்காது" என்பது வெறும் பேச்சு. தாய் சேர்க்கும்.

விடுவதுதான் முடிவு

மிகவும் கடினமான வேலை கடைசியில் வருகிறது. தேறிய பறவையைப் பிள்ளைகள் விட மாட்டார்கள். "இது நம்ம வீட்டுக் குருவி" என்று அழுவார்கள். அவர்களுக்குச் சொல்லுங்கள்: ஆஸ்பத்திரியில் குணமான ஆளை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருப்போமா? மனிதரிடம் பழகிய பறவைக்கு இரை தேடத் தெரியாது, பூனைக்குப் பயப்படவும் தெரியாது. நன்றாகப் பறக்கிறது என்று தெரிந்தவர்கள் சொன்ன பிறகு, முடிந்தால் எடுத்த மலையிலேயே, காலை வேளையில் விட வேண்டும். அது திரும்பிப் பார்க்காமல் போகும். நன்றி எதிர்பார்க்காத உதவி என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் படிக்க அதைவிட நல்ல பாடம் இல்லை.

கலந்து பேசுவோம்

1. நமது தோட்டத்தில் பறவைகள் அதிகம் அடிபடுவது எங்கே? எதனால்?
2. கவண் வைத்திருக்கும் பையனை ஏசாமல் எப்படித் திருத்தலாம்?
3. பெட்டி யார் வீட்டில் இருக்கும்? கொப்பி யார் கையில்? தொலைபேசி எடுப்பது யார்?

மூன்றாவது கேள்விக்கு மூன்று பெயர்கள் கிடைத்துவிட்டால், சங்கம் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.