தறியும் பள்ளியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

முன்னுரை

காஞ்சிபுரம் என்றதும் வெளியூரார்க்கு நினைவில் வருவன இரண்டு: கோயில், பட்டு. மூன்றாவதாகச் சொல்லத்தக்கது கல்வி. கி.பி. நான்காம் நூற்றாண்டில் கதம்ப மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன், தன் ஆசானுடன் காஞ்சியிலிருந்த கடிகைக்குக் கற்க வந்தான் எனத் தாளகுண்டா கல்வெட்டு கூறுகிறது. பிறர் தேடி வந்து கற்ற இதே நகரில், தறிக்குழியின் ஓரத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. என் தந்தையார் அவர்களுள் ஒருவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆதலின் நம் மாவட்டப் பள்ளிகளின் வகுப்பறைச் செயல்பாடுகளைப் பற்றி, படித்தறிந்ததோடு பட்டறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கோர்வை கேட்ட இரண்டாவது ஆள்

காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வையில் உள்ளது. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைய மூன்று நாடாக்கள் வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு. நெய்பவர் ஒருவரே மூன்றையும் கையாளுதல் அரிது. பக்கத்தில் அமர்ந்து ஒரு கரை நாடாவை எறிய இன்னொருவர் தேவை. கூலிக்கு ஆள் வைத்தால் கையில் மிஞ்சுவது குறையும். எனவே வீட்டுப் பிள்ளையே அவ்விடத்தில் அமர்ந்தது.

என் தந்தையார் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, முகூர்த்த நாட்கள் நெருங்கிய ஒரு மாதம் பள்ளிக்குச் செல்லவில்லை. திரும்பிச் சென்றபோது வகுப்பு பின்னக் கணக்கில் இருந்தது. அவரோ வகுத்தலிலேயே நின்றிருந்தார். “புரியலன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சும்மா. அதோட நின்னுட்டேன்” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்றது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும் உதவ மட்டும் இடமளித்தது. சட்டம் பிள்ளையைத் தறியிலிருந்து எழுப்பும். எழுந்து வந்த பிள்ளைக்கு விட்ட இடத்தைக் காட்ட வேண்டியது வகுப்பறையின் கடமை.

ஏணியும் அட்டையும்

அக்கடமையை ஓரளவு நிறைவேற்றிய முறை ‘செயல்வழிக் கற்றல்’ ஆகும். ஆந்திரத்து ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் அனுபவத்தைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய இம்முறை, 2007 முதல் தமிழகத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் பரவியது. பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதைச் சுவரிலிருந்த ஏணிப்படம் காட்டியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்து, ஒரு சாரார் ஆசிரியர் துணையோடும், ஒரு சாரார் உடன் பயில்வோர் துணையோடும், மற்றவர் தாமாகவும் கற்றனர். எங்கள் உயரத்திற்கேற்பச் சுவரின் அடிப்பகுதியில் கரும்பலகை இருந்தது.

நான் 2011இல் முதல் வகுப்பில் சேர்ந்தேன். இரண்டாம் வகுப்பில் அம்மை கண்டு மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். திரும்பிச் சென்றதும் டீச்சர் ஏணியில் என் படியைத் தேடி, அடுத்த அட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். வகுப்பு என்னை விட்டுவிட்டுப் போயிருக்கவில்லை. என் தந்தையாருக்குக் கிட்டாதது எனக்குக் கிட்டியது.

இம்முறையில் குறையே இல்லை என்று கூறேன். ஆறாம் வகுப்பில் அனைவர்க்கும் ஒரே பாடம், ஒரே வேகம். ஏணியை முடிக்காமல் மேலே வந்தோர் அங்கே திணறினர். என் தோழியர் சிலர் கணக்கை அன்றே கைவிட்டனர்.

திண்ணை வகுப்பு

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பயில்வோர்க்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. 2023இல் பிளஸ் டூ முடித்தபின், வீட்டு நிலையால் ஓராண்டு கல்லூரிக்குச் செல்ல இயலவில்லை. பகலில் தறிவேலை, மாலையில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு திண்ணையில் இத்திட்டத்தின் தன்னார்வலராக இருந்தேன்.

நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை. 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 35 என்பான். அவன் தன் தாய்க்குத் தார் சுற்றித் தருபவன். ஒருநாள் வெறும் தார்க்குச்சிகளைக் கொண்டுவரச் செய்து, பத்துப் பத்தாக நான்கு கட்டுகளும் தனியாக இரண்டும் வைத்தேன். “பதினேழு எடுத்துக் கொடு” என்றேன். ஒரு கட்டை எடுத்து வைத்தான். தனிக்குச்சி ஏழு வேண்டும், இருந்தவையோ இரண்டு. சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, “அக்கா, ஒரு கட்டை அவுக்கலாமா?” என்றான். கடன் வாங்குதல் என்பது அவ்வளவுதான். இடமதிப்பை நான் முழுமையாக உணர்ந்ததும் அன்றே.

2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் இக்கருத்தையே கொண்டது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் நிலையறிந்து பிரித்து, நிலைக்கேற்ற பயிற்சி தருவது அதன் முறை. தேர்வில் தோற்றவன் என்பதினும் இன்னும் அரும்பாக இருப்பவன் என்பது எவ்வளவு மேல்!

எது சாதனை?

அரசுப் பள்ளி மாணவர்க்கு இன்று சில வாயில்கள் திறந்துள்ளன. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் வென்று தேர்வு பெறுவோர்க்கு, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்தன. இவற்றில் வென்றோர் போற்றுதற்குரியர்.

எனினும் ஒன்று கூற விழைகிறேன். அந்த எட்டாம் வகுப்புத் தேர்வை எழுதித் தோற்றவள் நான். என் பெயர் எந்தச் சாதனைப் பட்டியலிலும் இல்லை. 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயை நம்பியே, ஓராண்டு கழித்து 2024இல் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்னும் துணிவை இரண்டாம் வகுப்பிலேயே பெற்றிருந்தேன். காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், திருப்பெரும்புதூர், குன்றத்தூர் ஆகிய ஐந்து ஒன்றியங்களிலும் முதல் மதிப்பெண் பெற்றோரை எண்ணுகிறோம். நின்றுபோய்த் திரும்பி வந்தோரையும் எண்ணினால் மாவட்டத்தின் சாதனை முழுமையாகும்.

முடிவுரை

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் பாவை அறுத்து எறிவதில்லை. அறுந்த நுனியைத் தேடி எடுத்து, முடிந்து, மேலே நெய்கிறார். வகுப்பறையும் அவ்வாறே செய்தல் வேண்டும். நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மாலை தம் தெருப்பிள்ளைகளுடன் அமர்ந்தால் அறுந்த இழைகள் பல கூடும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்டவேண்டும்.

இக்கட்டுரையை என் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், “பின்னக் கணக்குன்னா என்னம்மா?” என்றார். நாளை மாலை தொடங்குகிறோம்.