மீக்கடத்திக் காந்தமும் ஒரு பழுதான இணைப்பும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் கம்பி சூடேறும் என்பது யாவரும் அறிந்ததே. வலிமை மிக்க மின்காந்தம் வேண்டுமானால் மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டும். அளவு மீறிக் கூட்டினால் சுருளே கருகிவிடும். மின்தடையே இல்லாத கம்பி கிடைத்துவிட்டால் இத்தொல்லை தீர்ந்தது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். மீக்கடத்திகளைப் பற்றிப் படித்த அன்று, ‘இனிக் காந்தம் செய்வதில் என்ன கஷ்டம்?’ என்று தோன்றியது. அந்தக் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று காண்போம்.

1911-ஆம் ஆண்டு, ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில், காமர்லிங் ஆன்னஸ் என்னும் அறிஞர் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தார். ஏறத்தாழ 4.2 கெல்வினில், அதாவது சுழிக்குக் கீழே 269 டிகிரி செல்சியஸில், அதன் மின்தடை திடீரென மறைந்தது. பின்னர் அவர் ஈயக் கம்பியால் சுருள் செய்து பெரிய காந்தம் ஆக்க முயன்றார். காந்தப்புலம் ஒரு டெஸ்லாவில் பத்தில் ஒரு பங்கை எட்டுமுன்பே ஈயம் சாதாரண உலோகமாகிவிட்டது. தான் உண்டாக்கிய புலமே தனக்குப் பகையாயிற்று! வெப்பநிலை, காந்தப்புலம், மின்னோட்ட அடர்த்தி ஆகிய மூன்றில் எது எல்லை தாண்டினாலும் மின்தடை திரும்பிவிடும். 1960-களில் நயோபியம்–டைட்டேனியம் போன்ற உலோகக் கலவைகள் வந்த பிறகே பயனுள்ள காந்தங்கள் கைகூடின.

ஜெனீவா நகருக்கு அருகே, செர்ன் ஆய்வுக்கூடத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஒரு சுரங்க வளையம் இருக்கிறது. அதில் புரோட்டான்களை வளைத்துச் செலுத்துவதற்காக 1,232 மீக்கடத்திக் காந்தங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், சுமார் 35 டன் எடை. 11,850 ஆம்பியர் மின்னோட்டத்தில் 8.33 டெஸ்லா புலம் தருமாறும், 1.9 கெல்வினில் இயங்குமாறும் இவை வடிவமைக்கப்பட்டன. அந்நிலையில் சுருள்களை வெளிப்புறமாகத் தள்ளும் விசை, ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 400 டன் எடைக்குச் சமம். ஆகவே சுருளை எஃகுப் பட்டைகளால் முன்கூட்டியே இறுக்கிப் பிடித்து வைக்கிறார்கள்.

எவ்வளவு இறுக்கினாலும் ஏதோ ஒரு கம்பி, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவாவது நழுவும். நழுவினால் உராய்வு, உராய்ந்தால் வெப்பம். அறை வெப்பநிலையில் அவ்வெப்பம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ஹீலியக் குளிரில் உலோகங்களின் தன்வெப்பம் ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது. அதனால் துளி வெப்பமும் கம்பியின் வெப்பநிலையைச் சட்டென்று உயர்த்தி, அவ்விடத்தில் மீக்கடத்தலை அழித்துவிடும். அங்கே மின்தடை தோன்றும், மேலும் சூடேறும், அது பக்கத்துக் கம்பிகளுக்கும் பரவும். இதற்குக் ‘குவெஞ்ச்’ என்று பெயர்.

இதில் என்ன அபாயம் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். காந்தத்தின் தன்மின்தூண்டல் எண் ஏறக்குறைய 0.1 ஹென்றி. மின்னோட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் சுமார் 70 லட்சம் ஜூல் வருகிறது. அந்த 35 டன் காந்தத்தையே 20 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான ஆற்றல் இது! இது முழுவதும் ஒரு விரற்கடைக் கம்பியில் இறங்கினால் கம்பி உருகிப்போகும். ஆகவே மீக்கடத்தியை மெல்லிய இழைகளாக்கிச் செம்பில் பதிக்கிறார்கள்; முறிவு நேரும்போது மின்னோட்டம் செம்பு வழியே செல்லும். அத்துடன் 100 மில்லிவோல்ட் அளவு மின்னழுத்தம் 10 மில்லிசெகண்டு நீடித்தாலே, காந்தத்துக்குள் உள்ள சூடேற்றிகள் இயங்கிச் சுருளின் பெரும்பகுதியைச் சூடாக்கிவிடும். வெப்பத்திலிருந்து காக்க வெப்பத்தையே ஊட்டுவது விந்தையாகத் தோன்றலாம். ஓரிடத்தில் குவிய வேண்டிய ஆற்றல் எங்கும் பரவிவிடுவதால் காந்தம் பிழைக்கிறது.

சோதனையின்போது இந்த முறிவை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். காந்தத்தைக் குளிர்வித்து, மின்னோட்டத்தை மெல்ல உயர்த்துவார்கள். ஏதோ ஓர் அளவில் அது முறியும். மறுபடி குளிர்வித்து உயர்த்தினால் பெரும்பாலும் முன்னைவிட அதிக மின்னோட்டத்தைத் தாங்கும். நழுவ வேண்டிய கம்பிகள் நழுவி, தத்தம் இடத்தில் அமர்ந்துவிடுவதே காரணம். இதைப் ‘பயிற்சி’ என்கிறார்கள். நம்மைப் போலவே காந்தங்களும் கற்றதில் சிலவற்றை மறப்பதுண்டு; அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து மீண்டும் குளிர்வித்தால் சிலவற்றுக்குப் பயிற்சியை மறுபடியும் தர வேண்டியிருக்கிறது. 1,232 காந்தங்களும் ஒவ்வொன்றாகக் குளிர்நிலையில் சோதிக்கப்பட்டன. அப்பணியில் நம் நாட்டு அணுசக்தித் துறைப் பொறியாளர்களும் ஷிப்டு முறையில் பங்கு கொண்டார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் 2008 செப்டம்பர் 19 அன்று விபத்து நேர்ந்தது. பழுது எந்தக் காந்தத்திலும் இல்லை; இரு காந்தங்களை இணைத்த இணைப்பில்தான் இருந்தது. காந்தங்களைத் தரைக்கு மேலே சோதித்தார்கள். இணைப்புகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோன பிறகே பற்றவைக்க முடிந்தது. எனவே அந்த இணைப்பு எந்தச் சோதனை மேடையையும் காணவில்லை.

நல்ல இணைப்பின் மின்தடை ஒரு நானோ ஓமுக்கும் குறைவு. பழுதான இணைப்பிலோ அது சுமார் 200 நானோ ஓம், அதாவது ஓர் ஓமில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு, என்று பின்னர் மதிப்பிட்டார்கள். அப்போது பாய்ந்தது 8,700 ஆம்பியர். வர்க்கப்படுத்திப் பெருக்கினால் 15 வாட் வருகிறது. சிறிய பல்பு எரியும் திறன்தான்! ஆனால் அந்தக் குளிரில் அதுவே போதுமானதாயிற்று. இணைப்பு சூடேறி அறுந்தது. மின்பொறி பாய்ந்து ஹீலியக் கலத்தைத் துளைத்தது. சுமார் 6 டன் ஹீலியம் வெளியேறியது. 53 காந்தங்களை மேலே கொண்டுவர வேண்டியதாயிற்று. நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை. 2009 நவம்பரில்தான் எந்திரம் மீண்டும் இயங்கியது.

மீட்டர் சமனச்சுற்றுச் சோதனையில், கம்பி முனைகளை உப்புத்தாளால் தேய்க்காமல் இணைத்துவிட்டு, சமநிலைப் புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் நான் ஒருமுறை இரண்டு மணி நேரம் திண்டாடியதுண்டு. இந்த விவரத்தைப் படித்தபோது அந்த முனைகள்தாம் நினைவுக்கு வந்தன.

2013, 2014-ஆம் ஆண்டுகளில் எந்திரத்தை நிறுத்தி, 10,000-க்கு மேற்பட்ட இணைப்புகளைத் திறந்து பார்த்தார்கள். சரியில்லாதவற்றைப் பிரித்து மறுபடி பற்றவைத்தார்கள். சரியாக இருந்தவற்றின் மேலும் செப்புத் துண்டுகளைப் பற்றவைத்தார்கள். உள்ளே இருக்கும் பற்று விட்டுப்போனாலும் மின்னோட்டம் அச்செம்பு வழியே கடந்து செல்லும்.