சென்னைப் பட்டம், டொரன்டோ வேலை: இன்டீரியர் டிசைனர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலோ கோவையிலோ இன்டீரியர் டிசைன் படித்து, சில வருடம் வேலையும் பார்த்துவிட்டுக் கனடாவின் ஒன்டாரியோவுக்குப் போகிறவர், அங்கே விசிட்டிங் கார்டில் ‘இன்டீரியர் டிசைனர்’ என்று அச்சடிக்க முடியாது. மாகாணச் சட்டப்படி, ‘அரிடோ’ என்ற சங்கத்தில் பதிவு பெற்றவர்கள் மட்டுமே அப்படிப் போட்டுக்கொள்ளலாம். வேலை பார்க்கத் தடையில்லை. ‘டிசைனர்’, ‘ஜூனியர் டிசைனர்’ என்று சம்பளத்துக்குச் சேரலாம். ஆகவே முதலில் குடியேற்றக் காகிதம், பிறகு வேலை, பதிவு கடைசியில்.

பல்கலைக்கழக வேலையை விமானம் ஏறுமுன் முடித்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியல்களைப் பல்கலைக்கழகமே முத்திரையிட்டு மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். டொரன்டோவிலிருந்து போன் போட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் காரியம் சாதிப்பது லேசல்ல. ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ என்ற குடியேற்ற விண்ணப்பத்துக்கு ‘வெஸ்’ போன்ற நிறுவனத்தின் கல்வி மதிப்பீடு போதும். அது 5 ஆண்டுகள் செல்லும். பின்னால் எழுதப்போகும் தொழில் தேர்வுக்குப் பாடவாரியான மதிப்பீடு தேவைப்படும். எனவே பாடத்திட்ட நகலையும் இப்போதே வாங்கி வையுங்கள்.

பழைய முதலாளியின் கடிதமும் முக்கியம். கனடாவின் தொழில் பட்டியலில் நம் வேலையின் எண் 52121. பதவி, சம்பளம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன பணிகள் என எல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். ‘நன்முறையில் பணியாற்றினார்’ என்ற இரண்டு வரிச் சான்றிதழ் எதற்கும் உதவாது.

அடுத்தது போர்ட்ஃபோலியோ. நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பேன். பளபளக்கும் த்ரீடி படங்கள் நிறைய இருக்கும். கட்டுவதற்கான வரைபடம் ஒன்றுகூட இருக்காது. நம் ஊர்த் தொழில்முறை அப்படி. சைட்டில் ஆசாரியிடம், “அண்ணே, இந்த ஷட்டரை அரை இஞ்ச் உள்ள தள்ளுங்க” என்றால் நடந்துவிடும். வயர் போகச் செங்கல் சுவரைக் கொத்தி, மறுபடி பூசிக்கொள்ளலாம். அங்கே உட்சுவர் பெரும்பாலும் 16 இஞ்ச் இடைவெளியில் நிறுத்திய சட்டங்களின் மேல் அடித்த ஜிப்சம் பலகை. கனமான அலமாரி எங்கே தொங்கும் என்று முன்பே வரைந்து, சுவருக்குள் தாங்குகட்டை வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். பலகை மூடியபின் யோசித்தால் செலவு உங்கள் நிறுவனத்தின் தலையில் விழும். மரவேலையும் பெரும்பாலும் வெளியே ஒரு தொழிற்கூடத்தில் நடக்கும். அவர்கள் தங்கள் வரைபடத்தை அனுப்பி, உங்கள் தரப்பின் ஒப்புதல் வந்த பிறகே பலகையை அறுப்பார்கள்.

அதனால் நீங்கள் முடித்த ஒரே ஒரு வேலையையாவது முழு செட்டாகக் காட்டுங்கள்: தரைத்திட்டம், சீலிங் பிளான், எலிவேஷன், டீட்டெயில், ஃபினிஷ் ஷெட்யூல். ஆட்டோகேட் மட்டும் தெரிந்தவர்கள் ரெவிட்டும் பழகிக்கொள்ளுங்கள். அங்கே கட்டட விதிகள் மில்லிமீட்டரில் இருக்கும், சைட்டில் அடி-இஞ்ச் ஓடும். இரண்டும் கைவர வேண்டும். ரெஸ்யூமேயில் புகைப்படம், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் எதுவும் வேண்டாம்.

25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள், விளம்பரத்தில் ‘கனடிய அனுபவம்’ கேட்கக் கூடாது என்பது ஒன்டாரியோவில் 2026 ஜனவரி 1 முதல் விதி. விளம்பரத்தில் கேட்காவிட்டாலும் மனதுக்குள் எதிர்பார்ப்பார்கள். அதற்குப் பதில் அந்த வரைபட செட்தான்.

வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்துக்கு முன் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் மேலாளர் யார்? பதிவுக்கு ‘என்சிஐடிக்யூ’ என்ற தேர்வின் மூன்று பகுதிகளையும் முடிக்க வேண்டும். பட்டதாரிகளுக்கு அதற்கு 3,520 மணி நேரப் பணி அனுபவம் தேவை. முழுநேர வேலையில் ஏறக்குறைய இரண்டு வருடம். தகுதி பெற்ற டிசைனரின் நேரடி மேற்பார்வையில் பார்த்த மணி நேரம்தான் முழுதாகச் சேரும். மற்றவை குறைத்துக் கணக்கிடப்படும். ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் தெரிந்தவர் நடத்தும் வீடு புதுப்பிக்கும் கம்பெனியில் உடனே வேலை கிடைக்கலாம். வாடகைக்கு ஆகும், சேருங்கள். அங்கே தகுதியுள்ள மேற்பார்வையாளர் இல்லையென்றால் நெடுநாள் தங்காதீர்கள். தேர்வின் முதல் பகுதிக்கு அனுபவம் தேவையில்லை. தகுதியான படிப்பை முடித்திருந்தால் எழுதலாம். ஒரு வருட டிப்ளமோக்காரர்கள் கவனிக்க: குறைந்தது 60 செமஸ்டர் கிரெடிட், அதில் 40 இன்டீரியர் டிசைன் பாடங்களில் வேண்டும். அது இல்லாதவர்களுக்கு அங்கே மறுபடி படிப்பதில் அர்த்தம் உண்டு. பட்டதாரிகள் பாடவாரி மதிப்பீடு வரும்வரை எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்ட வேண்டாம்.

இடையில் செய்யக்கூடிய இன்னொன்று ‘பிசின்’. நகராட்சியின் கட்டட அனுமதிக்குப் போகும் வரைபடங்களுக்குப் பொறுப்பேற்பவர் வாங்க வேண்டிய மாகாணப் பதிவு எண் இது. சட்டம் பற்றிய தேர்வு ஒன்றும், ‘வீடு’ போன்ற பிரிவுக்கான தொழில்நுட்பத் தேர்வும் எழுத வேண்டும். உங்கள் பட்டம் எந்த நாட்டுடையது என்பது இங்கே பிரச்சினையே இல்லை. கட்டட விதிப் புத்தகம் தெரிந்தால் போதும். வீடு புதுப்பிக்கும் கம்பெனிகளில் இந்த எண் உள்ளவருக்கு மதிப்பு கூடுதல். சம்பளம் பேசும்போது முதலில் இதைச் சொல்லுங்கள்.