நன்செயில் புதைந்த வெடியும் ஏழைக் குடியானவரும்

கோடிக்கரைக்கு எதிர்க்கரையில், இலங்கையின் வட மாகாணத்தில், தஞ்சைத் தரணியைப் போலவே வடகிழக்குப் பருவமழையை நம்பி நெல் சாகுபடி நடைபெறுகிறது. இங்கே சம்பா, அங்கே காலபோகம். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில் இரு தரப்பாரும் அப்பகுதியின் வயல்களிலும் தோப்புகளிலும் மிதிவெடிகளைப் புதைத்தனர். போர் ஓய்ந்தபின், முகாம்களிலிருந்த ஏறக்குறைய 3 இலட்சம் மக்கள் படிப்படியாக ஊர் திரும்பினர். ஊர் திரும்பியவர் யாவரும் உடனே வயலில் இறங்க முடியவில்லை.

மிதிவெடி பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும் சிறு பிளாஸ்டிக் பெட்டியே. மேல்மண்ணில், சில விரற்கடை ஆழத்தில் கிடக்கும். சிறுவன் ஒருவன் கால் வைக்கும் பாரமே அது வெடிக்கப் போதும். பெருவெள்ளத்தில் இடம் பெயர்ந்தும் விடும். ஆகையால் சென்ற ஆண்டு நடந்து பழகிய வரப்பை இவ்வாண்டும் நம்பலாகாது.

வேறு வருவாயுள்ளவர் இரண்டு மூன்று போகம் நிலத்தைத் தரிசாகப் போட்டுக் காத்திருக்கலாம். அன்றாடக் கூலிக்காரரும் குத்தகைக்காரரும் அங்ஙனம் காத்திரார். விறகு பொறுக்கவும், வழி தவறிய மாட்டை ஓட்டி வரவும், எச்சரிக்கைப் பலகையைக் கண்டும் உள்ளே புகுகின்றனர். இதை அறியாமை என்பது பொருந்தாது, பசியே காரணம். காலை இழந்தவர் சேற்றில் ஏர் பிடிப்பது அரிது. 1968இல் ஜெய்ப்பூரில் உருவாக்கப்பட்ட செயற்கைக் கால் ஈர வயலில் வெறுங்காலாய் நடப்போரையும் மனத்திற்கொண்டு செய்யப்பட்டதாதலின், யாழ்ப்பாணத்திலும் அதனால் பலர் பயனடைந்தனர்.

லாவோஸ் நாட்டின் நிலை இன்னும் கொடிது. 1964 முதல் 1973 வரை அங்கு 20 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட குண்டுகள் வீசப்பட்டன. அவற்றில் கொத்துக்குண்டுகளின் சிறு குண்டுகள் மட்டும் 27 கோடி. நூற்றுக்கு முப்பது வரை வெடியாமல் மண்ணில் தங்கின என்பது மதிப்பு. அந்நாட்டுக் குடியானவர் மண்வெட்டியை ஆழ ஓங்க அஞ்சுகின்றனர். புதைந்த குண்டின்மேல் அறியாமல் அடுப்பு மூட்டி மாண்டவர் உண்டு. பழைய இரும்பு விலைக்காகக் குண்டைப் பிரித்து மாண்டவரும் உண்டு.

நிலத்தைச் சுத்தி செய்வது மெதுவான வேலை. யாழ்ப்பாணத்தின் வாயிலான முகமாலையில், 2000 முதல் 2009 வரை போர்முனையாயிருந்த நிலத்தில், ஆடவரும் பெண்டிரும் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாகத் தேடினர். இரும்பு குறைந்த வெடியைக் கருவி எளிதில் காட்டாதாகையால், வாரிகொண்டு மண்ணைப் பக்கவாட்டில் மெல்ல வருடிப் பார்க்கும் முறையும் கையாளப்பட்டது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது; வெடிகளை அகற்ற அதன்படி முதலில் விதிக்கப்பட்ட கெடு 2028 ஜூன்.

நமது கடற்கரைக் கிராமங்களிலோ வாய்க்கால் தூர்வாருமிடத்திலோ இன்னதென்று தெரியாத உலோகப் பொருள் தென்பட்டால், தொடாமல், தட்டாமல், அருகே தீ மூட்டாமல், ஆட்களை விலக்கிக் காவல் நிலையத்திற்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். அடையாளத்துக்குக் கொடி நடுவதும் எட்டத்திலேயே ஆகட்டும்.

சுத்தி செய்து ஒப்படைத்த வயலிலும் வேலை மிகுதி. மேல்மண் கலைந்து, வரப்பு சிதைந்து, நீர் ஒரே மட்டமாக நில்லாது. முதற்போகத்திற்கு முன் வரப்பைக் கட்டிப் பரம்படித்து, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதல் நன்று.